கெபிக்கு நான் போட்ட விளக்கு

போன மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன் பண்ணினார். கலங்கரை விளக்கங்களில் ஆள் வைத்து விளக்கேற்றுவது இனிமேல் கிடையாதாம். தானாக எரியுமாம், தானாக அணையுமாம், பழுதானால் அதுவே தகவலும் அனுப்புமாம். அதனால் ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்கி ஒரு மலர் போடுகிறார்கள். "ராத்திரியில கரையோரமா பத்திரமா கலம் ஓட்டறதப் பத்தி உங்க அனுபவத்துல இருந்து ரெண்டு பக்கம் எழுதுங்க சார்" என்றார். நான் கலம் ஓட்டியவன் அல்ல, கரையில் உட்கார்ந்து விளக்கெரித்தவன் என்றேன். "அதேதான் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குச் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை மலரில் போடுவார்களா என்பது சந்தேகம். போடாவிட்டால் போகட்டும், எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். மானாவாரி நிலம், நாலு மாமரம், வருடத்துக்கு ஒரு போகம் வேர்க்கடலை. தருமபுரி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து ஐந்து வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. லைட் கீப்பர் வேலை. அதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. என் அம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா சவரி, கடலுக்கு எதுக்குடா வெளக்கு? அவ்ளோ தண்ணி இருக்குதே, அதுக்கு வழி தெரியாதா?" என்று கேட்டாள். தெரு முழுக்கச் சிரித்தது. பயிற்சி ஆறு மாதம். அங்கே கண்ணாடி துடைக்கவும் ஜெனரேட்டர் கிளப்பவும் வானிலை எழுதவும் சொல்லிக் கொடுத்தார்கள். எண்பதுகளின் ஆரம்பத்தில் தென்கோடியில் ஒரு மீனவர் ஊரில் என்னைப் போட்டார்கள். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தாமோதரன் சார். ஒல்லியான மனிதர், எப்போதும் வெளுத்த காக்கி. கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். சூரியன் மறைய அரை மணி நேரம் இருக்கும்போது மேலே ஏற வேண்டும். பகலில் வெயில் உள்ளே பாயாமலிருக்கக் கட்டிய திரைகளை அவிழ்க்க வேண்டும். பெரிய கண்ணாடி அடுக்கைப் பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு சாவி கொடுத்துச் சுழல விட்டு, விளக்கைப் போட்டு, ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நொடிக்கு ஒரு வீச்சு வருகிறதா என்று எண்ண வேண்டும். நான் எண்ணி முடித்த பிறகு அவர் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து ஒருமுறை எண்ணுவார். "மேல இருந்து நீங்க எண்றது நமக்கு. கீழ இருந்து எண்றதுதான் அவங்களுக்கு" என்பார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. எங்கள் குடியிருப்பில் கடலைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் கருப்புத் துணி தைத்துப் போடச் செய்திருந்தார். இருட்டிய பிறகு அது விலகியிருந்தால் கதவைத் தட்டி, ஜன்னலைக் காட்டிவிட்டுப் போவார். என் மனைவி புழுக்கத்தில் வெந்துபோனாள். ஒருநாள் நான் பொறுக்காமல், "நாற்பது வாட்ஸ் பல்பு சார் இது, இதையா கப்பல்காரன் பாக்கப் போறான்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "கப்பல்காரன்கிட்ட வரைபடம் இருக்கு. கட்டுமரத்துல வர்றவன்கிட்ட என்ன இருக்கு? அவனுக்குக் கரையில தெரியிற வெளிச்சம் எல்லாமே சேதிதான்." கேட்டுக்கொண்டேன். உள்ளுக்குள், கிழவருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

அந்த ஊருக்கு எதிரே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் அப்பால், தண்ணீருக்கடியில் நீளமாகப் பாறை கிடக்கிறது. நடுவில் ஒரு இடைவெளி உண்டு. கட்டுமரங்கள் அதன் வழியாகத்தான் போய்வரும். கடற்கரையில் மாதா கெபி ஒன்று இருந்தது, கல்லால் கட்டிய சின்னக் குகை மாதிரி. பொழுது சாய்ந்ததும் பெண்கள் அதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள். நான் அதைப் பக்தி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது பக்தியும்தான். ஆனால் இருட்டில் வருகிறவர்கள் எங்கள் கோபுர விளக்குக்கு நேர் கீழே கெபி விளக்கு வரும்படி மரத்தைத் திருப்பிப் பிடிப்பார்கள். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் பாறை இடைவெளி நேரே இருக்கிறது என்று அர்த்தம். அதை 'நேர் பிடிக்கிறது' என்பார்கள். எந்த வரைபடத்திலும் அது கிடையாது, எங்கள் துறையின் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மூன்று வருடம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்ற எனக்கும் தெரியாது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. அந்தக் கெபியில்தான் என் மனைவி நேர்ந்துகொண்டாள், பெண் பிறந்தது. அதே சமயத்தில் பழைய கெபியின் அடிமணலைக் கடல் அரித்துவிட்டதால் நாற்பது அடி வடக்கே புதுக்கெபி கட்டினார்கள். அதற்கு டியூப் லைட் போடுவது என் நேர்த்திக்கடன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒயர் இழுத்தது, சுவிட்ச் வைத்தது எல்லாம் என் கையாலேயே. ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் ஒன்று சொன்னார்கள்: "பெருநா ராத்திரி மரமெல்லாம் கரையில கெடக்கும் சார். அன்னைக்குத்தான் புது லைட்டு போடணும். அதுவரைக்கும் பழசுதான்." மாதா கோயில் பெருநாளாயிற்றே, நல்ல நாள் பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

பேத்தியைப் பார்க்க அம்மா வந்திருந்தாள். கடலை முதலில் பார்த்த அன்று, "நம்ப ஏரிய பத்து தடவ ஊத்துனாலும் இது ரொம்பாது" என்றாள். பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் ஊரிலிருந்து தந்தி வந்தது. என் தம்பிக்கு மஞ்சள் காமாலை, நிலத்தில் கடலை பறிக்க ஆளில்லை. எட்டு மணி பஸ்ஸுக்கு என் மச்சானோடு அம்மா கிளம்ப வேண்டியதாயிற்று. ஏழு மணிக்குக் கெபியில் கும்பிடப் போனோம். ஊர் முழுக்கக் கோயிலுக்குள் ஜெபத்தில் இருந்தது, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. கடற்கரையில் ஆள் இல்லை. அம்மா புதுக்கெபியைத் தடவிப் பார்த்தாள். "பேத்திக்கு நேந்த வெளக்கு. நா எங்க இனி இங்க வரப் போறன்? ஒருக்கா எரியறதப் பாத்துட்டுப் போவட்டுமா கண்ணு?" என்றாள்.

யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? சுவிட்சைப் போட்டேன். மாதா முகம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா முழந்தாளிட்டு அழுதாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. பழைய கெபியில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் இந்த வெளிச்சத்தில் அது இருக்கிற இடமே தெரியவில்லை. அம்மா ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் நிதானமாகச் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாமோதரன் சார் அன்று மேலே டூட்டியில் இருந்தார். விளக்கு எரியும்போது காவலில் இருப்பவர் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. அதை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். செருப்புக்கூட இல்லாமல் மணலில் ஓடி வந்தார். எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் சுவிட்சை அணைத்துவிட்டு, கடலைப் பார்த்து நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு வந்த வழியே திரும்பி ஓடினார். "யாருடா இவரு, சாமி கும்புடறப்ப வந்து அணைக்கறாரு?" என்று அம்மா கேட்டாள். "எங்க பெரியவரும்மா, கொஞ்சம் ஒரு மாதிரி" என்றேன். விளக்கு எரிந்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் கடற்கரை முழுக்கக் கூட்டம், கூக்குரல்.

மிக்கேல், சிலுவை என்று அண்ணன் தம்பி இருவர். வேறொரு கரையில் இரண்டு மாதம் தங்கித் தொழில் செய்துவிட்டு, பெருநாளுக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்று அந்தியில் மரத்தைத் திருப்பியிருக்கிறார்கள். அவர்கள் வருகிற சேதி கரையில் யாருக்கும் தெரியாது. புதுக்கெபி கட்டி முடிந்த சேதி அவர்களுக்குத் தெரியாது. மரம் பாறையில் ஏறி உடைந்துவிட்டது. துடுப்பு பிடித்து வந்த மிக்கேல் ஒரு கட்டையைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தான். சிலுவையை அடுத்த நாள் காலையில்தான் எடுத்தார்கள். பெருநாள் நின்றுபோனது. சிலுவையின் மனைவி செல்வராணி எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற பெண். என் குழந்தைக்கு முதல் வெள்ளிக் கொலுசைக் காலில் மாட்டிவிட்டவள் அவள்தான்.

அன்று இரவே தாமோதரன் சார் என்னை மேசைக்கு எதிரே உட்கார வைத்தார். இரண்டு தீக்குச்சிகளை வைத்தார். "இது கோபுரம். இது பழைய கெபி" என்றார். இரண்டையும் சேர்த்து விரலால் கோடு இழுத்து மேசை விளிம்பு வரை கொண்டுபோனார். பிறகு இரண்டாவது குச்சியை நகத்தளவு நகர்த்தி மறுபடி கோடு இழுத்தார். விளிம்பில் கோடு ஒரு சாண் விலகிப் போனது. கரையில் நாற்பது அடி, பாறைக்குப் போகும்போது இருநூறு அடி. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் தள்ளி, பேனாவைக் கழற்றிக் கொடுத்தார். "என்ன நடந்ததோ நீங்களே எழுதுங்க" என்றார்.

நான் எழுதியது: விளக்கு ஒழுங்காக எரிந்தது, காற்று தென்மேற்கு, பார்வைத் தெளிவு நன்று. மூன்றும் உண்மை. வேறெதுவும் எழுதவில்லை. கைக்குழந்தை, வேலை, ஊர்க்கோபம் எல்லாம் கண்முன் வந்து நின்றன. அவர் படித்தார். எப்போதும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறவர், அன்று போடாமல் புத்தகத்தை மூடினார். அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்று வரை தெரியாது. குழந்தை முகத்தைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மிக்கேல் என் வீட்டு வாசலுக்கு வந்தான். தோளில் காயம் ஆறவில்லை. "சார், நா நேர் சரியாத்தான் புடிச்சேன். கெபி வெளக்கு அன்னைக்கு நல்லா பளீர்னு தெரிஞ்சிச்சு. பொறவு திடீர்னு காணல. புது லைட்டு அன்னைக்கு எரிஞ்சிச்சா சார்?" என்றான்.

"இல்லையே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் என் ஆயுசு முழுக்க என்னை அரித்தது. சுவிட்ச் போட்டதாவது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே சொன்னது. மிக்கேல் ஊரில் போய்த் தான் கண்டதைச் சொன்னதற்கு ஊர் சிரித்தது. எண்ணெய்த் திரி பளீரென்று எரியுமா? பத்து வயதிலிருந்து அந்த வழியில் போய்வருகிறவர்கள் பாறையில் ஏற்றுவார்களா? பெருநாள் குஷியில் அண்ணனும் தம்பியும் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மிக்கேல் மாதா மேல் சத்தியம் பண்ணினான். குடிகாரன் சத்தியம் என்றார்கள். தம்பியைக் குடித்துக் கொன்றவன் என்று அவன் காதுபடப் பேசினார்கள். செல்வராணியும் அதைத்தான் நம்பினாள். அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள்.

மறுவருடம் எனக்கு மாற்றல் வந்தது. மிக்கேல் கடலுக்குப் போவதையே விட்டிருந்தான். "கடலே இல்லாத ஊர்ல ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்" என்று என்னிடமே வந்து கேட்டான். பாவத்தைக் கழுவ வழி கிடைத்தது என்று நினைத்த கோழை நான். என் ஊருக்கு அழைத்துப் போய் தம்பியிடம் நிலத்து வேலையில் சேர்த்துவிட்டேன். நல்ல உழைப்பாளி. ஆறே மாதத்தில் ஏர் ஓட்டினான், காரிமங்கலம் சந்தைக்குத் தனியாகப் போய் ஆடு விலை பேசினான். எங்கள் தெருப் பிள்ளைகளைப் போல அம்மாவை ஆயா என்று கூப்பிட்டான். அம்மாவுக்கு அவன்மேல் உயிர். "எம் புள்ளைங்க ரெண்டும் ஒன்னும் தேறல, இவந்தான் எனக்குப் பொறந்தவன்" என்பாள். அடைமழைக்கு ஏரி நிரம்பினால் மட்டும் அவன் அந்தப் பக்கம் போக மாட்டான்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்து வைப்பேன். அவன் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டதும் மழை, விளைச்சல் என்று வேறு பேச்சை எடுத்துவிடுவேன். மூன்று வருடம் இப்படியே போனது. கடைசியில் தருமபுரியில் மாதா கோயில் சாமியார் ஒருவரிடம் செய்ததையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா தூங்கலாம்னு பாக்கறீங்களா? போயி அந்தாளுகிட்ட சொல்லுங்க" என்றார். நேரே ஊருக்குப் போனேன்.

நடுப்பகல். மிக்கேல் கடலைச் செடி பறித்து மண் உதறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு செடி உதறினேன்.

"மிக்கேல், அன்னிக்கு என்கிட்ட ஒன்னு கேட்டியே, புது லைட்டு எரிஞ்சுதான்னு. எரிஞ்சுது. நாந்தான் போட்டேன்."

அவன் கை நிற்கவில்லை. "தெரியும் சார்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"ஆயா சொன்னாங்க. நா வந்த மொத மாசமே. கடலு பாத்த கதையச் சொல்லும்போது, எம் மவன் எனக்காவ ஒரு நா முன்னாலயே லைட்டு போட்டுக் காட்னான்னு சந்தோசமாச் சொன்னாங்க."

"அப்பவே என்னைப் புடிச்சுக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன்லா சார். ஒங்க வாசல்லயே வந்து கேட்டேன். இல்லன்னுட்டீங்க. ஒரு மனுசன்ட்ட எத்தன மட்டம் கேக்க?" கையிலிருந்த செடியைக் குவியலில் போட்டான். "ஒவ்வொரு லீவுக்கும் வருவீக. இந்த மட்டம் சொல்லிருவாருன்னு நெனப்பேன்."

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவன் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த வரிசையைப் பறித்து முடித்துவிட்டு, "ஆயாவுக்கு மட்டும் இது தெரியாண்டாம். அவங்க கேட்டதாலதான்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள தாங்காது" என்றான். அப்புறம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "எங்கிட்ட சொன்னது ஆச்சு. செல்வராணிட்ட வந்து சொல்லுங்க. கெளம்புங்க."

மறுநாள் காலை முதல் பஸ் ஏறினோம். எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் அம்மா இருவருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் செல்வராணியின் வீட்டு வாசலில் நின்றேன். அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மிக்கேலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி, அம்மா, சுவிட்ச், இருபத்தைந்து நிமிடம், பிறகு நான் சொன்ன பொய். அவள் என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ அவுக குடிச்சிருக்கல?"

"இல்லம்மா. ரெண்டு பேருமே குடிக்கல. சரியாத்தான் வந்தாங்க."

கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க" என்று தெருவில் இறங்கினாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் வெளியே வந்ததும், "சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன். அடுத்த வீட்டில், "சொல்லுங்க சார்" என்றாள். அந்தத் தெருவில் ஒரு வாசலையும் அவள் விடவில்லை. சில வீடுகளில் என்மேல் காறித் துப்பினார்கள். ஒரு கிழவர் அடிக்கக் கையை ஓங்கினார், மிக்கேல் நடுவில் வந்து நின்றான். தொண்டை கட்டிப் போய்க் கடைசி வீட்டில் எனக்குக் குரலே வரவில்லை. அவள் காத்திருந்தாள். அங்கேயும் சொன்னேன்.

அதன் பிறகு அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒப்பாரி கேட்டது. புருஷன் பெயரைச் சொல்லி, மார்பில் அடித்துக்கொண்டு, சாவு அன்றைக்குத்தான் நடந்ததுபோல அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் உட்கார்ந்தார்கள்.

மிக்கேல் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தம்பியப் பொதைக்கும்போது இவ அழல சார்" என்றான். "குடிச்சிட்டு வந்து செத்தான்ற கோவத்துல ஒரு சொட்டு கண்ணீர் விடல. இப்பதான் அழுறா."